படிவத்தில் இடமில்லாத துடிப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பொங்கல் வாரத்தில், மலேசியாவில் ஈப்போவிலிருந்து தெற்கே அரை மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு மருந்து ஆய்வு நிலையத்தில் நடந்தது இது. அந்த நிலம் முன்பு ரப்பர் தோட்டம். பிறகு எண்ணெய்க்கான செம்பனை ஆனது, அப்புறம் பாதி வீடமைப்புப் பகுதி ஆனது, மிச்சமிருந்த ஒரு மூலையில் கண்ணாடிச் சுவர்களோடு எங்கள் நிலையம் வந்தது. நான் அரசாங்க மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் பொறுமை இல்லாததால், இரண்டாம் மாதமே அங்கே ஒப்பந்தத்தில் தர அதிகாரியாகச் சேர்ந்துவிட்டேன்.

தர அதிகாரி என்றால் ஏதோ பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். செய்ததெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா, எழுதியதெல்லாம் கையெழுத்தாகியிருக்கிறதா, கையெழுத்துப் போட்டவருக்கு அதற்கு அனுமதி உண்டா என்று பார்ப்பதுதான் வேலை. நடைமுறைக் கையேட்டின் பக்க எண்கள்கூட எனக்கு மனப்பாடம். "இந்தம்மா கையெழுத்து போடாம இங்க ஒரு எலி கூட சாக முடியாதுலா" என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு புது மருந்தின் சோதனை நடந்துகொண்டிருந்தது. நம் உடம்பில் செரோட்டோனின் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. மூளைக்குச் சொந்தமானது என்று பலரும் நினைப்பார்கள். அதில் பெரும்பகுதி இருப்பது குடலில். வாந்தி எடுக்க வேண்டும் என்ற செய்தியைக் கொண்டுபோவதில் அதற்குப் பங்கு உண்டு. அந்தச் செய்தி போகும் வழியை அடைத்துவிட்டால் வாந்தி நிற்கும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட மருந்துகள் பெரிய ஆறுதல். ஆனால் இந்த வகையைச் சேர்ந்த சில மருந்துகள் இதயத்தின் மின்னோட்டத்தையும் தொட்டுவிடும். துடிப்பு ஒழுங்கு தப்பும். மனிதனுக்குக் கொடுக்கும் முன் அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மின்னோட்ட விஷயத்தில் முயலின் இதயம் கிட்டத்தட்ட நம்முடையதைப் போலவே நடந்துகொள்ளும்.

அறையில் இரண்டு அடுக்குகள். கதவோரம் இருந்த அடுக்கில் மருந்து கொடுக்கப்படும் முயல்கள். சன்னலோரம் இருந்ததில் மருந்து இல்லாமல் வெறும் உப்புநீர் மட்டும் கொடுக்கப்படும் முயல்கள். இரண்டையும் கலந்து வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். மேலிடத்தில் கேட்கவில்லை. நான்கு வாரம் மருந்து. தொடங்கும் முன் ஒரு இ.சி.ஜி., பதினான்காம் நாள் ஒன்று, கடைசி நாள் ஒன்று. இடைப்பட்ட நாட்களில் தினசரிப் படிவம் மட்டும்: தின்றதா, நீர் குடித்ததா, புழுக்கை சரியா என்று கட்டங்கள், கடைசியில் குறிப்புக்கென்று ஒரு பத்தி. சாயங்காலம் நான் அந்தப் படிவங்களைப் பார்த்து, கீழே சுருக்கொப்பம் போடுவேன்.

முயல்களைக் கவனித்துக்கொண்டவர் ஐம்பத்தைந்து வயதை நெருங்கியவர். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியதும் லாரி, பள்ளிக்கூடக் காவல் என்று பல வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். காலையில் கூண்டுத் தட்டை மாற்றும் முன் ஒவ்வொரு முயலையும் எடுத்து நெஞ்சோடு அணைத்து, அதன் முன்னங்காலுக்கு அடியில் இரண்டு விரலைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நிற்பார். என்ன செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பெரட்டு எடுக்குறேன்கா" என்றார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்பார்கள். கையேட்டில் அதற்குத் தடை ஏதும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

சோதனை தொடங்கிய இரண்டாம் நாள் அவருடைய படிவத்தைப் பார்த்தேன். குறிப்புப் பத்தியில் தமிழில் எழுதியிருந்தார்: "மூணாம் நம்பரு இன்னிக்கு என் மேல கோவமா இருக்கான்." சிரிப்பு வந்தது. அதிகாரி சிரிக்கக் கூடாது. அவரைக் கூப்பிட்டு, படிவத்தில் குறிப்புகள் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் இருக்க வேண்டும், சோதிக்க வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொன்னேன். அவர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். மலாய் பேசுவார், ஆனால் எழுதத் தயங்குவார்.

"எழுத வரலேன்னா?" என்றார்.

"ஒரு கோடு போட்டுடுங்க தம்பி. காலியா மட்டும் விடக் கூடாது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து படிவம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. எல்லாக் கூண்டுக்கும் நேராக ஒரு கோடு. எங்கள் கையேட்டின்படி கோடு என்றால் "குறிப்பிட ஒன்றுமில்லை" என்று பொருள். நான் திருப்தியாகச் சுருக்கொப்பம் போட்டுக்கொண்டே வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் மாட்டுப் பொங்கல். நம் நாட்டில் அதற்கு விடுமுறை கிடையாது என்பதால் வழக்கம்போல வேலைக்குப் போனேன். முயல் அறைக் கதவைத் திறந்தால், கதவோர அடுக்கின் குறுக்கே மஞ்சள் சாமந்திச் சரம் தொங்குகிறது. இரண்டு முயல்கள் கம்பி வழியாக இதழை இழுத்து நிதானமாக மென்றுகொண்டிருந்தன.

"மாட்டுப் பொங்கல்கா. நம்மகிட்ட மாடு இல்ல. இருக்கிறவங்களுக்குப் போட்டேன்" என்றார் அவர். இரண்டு முழம்தான் வாங்கியிருந்தாராம், அதனால் சன்னலோர அடுக்குக்கு எட்டவில்லை என்று வருத்தம் வேறு.

நான் குரலை உயர்த்தவில்லை. கையுறை போட்டேன், சரத்தை அவிழ்த்தேன், பையில் போட்டு மூடினேன், எரிப்பதற்கு அனுப்பினேன். நடைமுறை மீறப்பட்டதைப் பதிவு செய்யும் விலகல் அறிக்கையைக் கால் மணி நேரத்தில் எழுதி முடித்தேன். "அனுமதியற்ற பூக்கள் விலங்குக் கூண்டில் தொங்கவிடப்பட்டன, விலங்குகள் அவற்றை உண்டது காணப்பட்டது." என் எழுத்திலேயே எனக்குப் பிடித்த எழுத்து அந்த மாதிரி அறிக்கை எழுத்துதான். ஒரு வார்த்தை கூட மிகையில்லை என்று நினைத்தேன். ஒரு வார்த்தை குறைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

பதினான்காம் நாள் இ.சி.ஜி. எடுத்தார்கள். சன்னலோர முயல்களின் கோடுகள் சீப்பின் பற்கள் மாதிரி ஒழுங்காக வந்தன. கதவோர முயல்களில் பாதிக்கு மேல் துடிப்பு தப்பியது. நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும், பிறகு ஓர் இடைவெளி, பிறகு மறுபடி ஓட்டம். இதைப் பிடிக்கத்தான் இவ்வளவு செலவு, இவ்வளவு பேர், இவ்வளவு படிவம். சோதனை தன் வேலையைச் செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் மேலே போனேன்.

எங்கள் இயக்குநர் நாற்பது சொச்சம் வயதுள்ள தமிழர், வெளிநாட்டில் படித்த டாக்டர். காரியம் ஆக வேண்டுமானால் என்னை ஆன்ட்டி என்பார், கோபம் வந்தால் மேடம் என்பார். அன்றைக்கு ஆன்ட்டி.

"உக்காருங்க ஆன்ட்டி. உங்க பூ ரிப்போர்ட் எவ்வளோ பெரிய உதவி தெரியுமா?"

அவர் கணக்கு எளிமையானது. கோயில் மாலைகளில் அரளி கட்டுவது வழக்கம். அரளி விஷம், அது இதயத் துடிப்பைக் கெடுக்கும். அதில் பொய் ஒன்றுமில்லை. பூவைத் தின்ற அடுக்கில்தான் துடிப்பு தப்பியிருக்கிறது. ஆகவே குற்றம் மருந்துடையது இல்லை, பூவுடையது. அந்த அடுக்கின் முடிவுகளை ஒதுக்கிவிடலாம். பூவைப் போட்ட ஆளை விசாரித்து வேலையை விட்டு நீக்கலாம். மருந்து சுத்தமாக வெளியே வரும். இத்தனைக்கும் ஆதாரம் ஒரே ஒரு தாள். அதில் என் கையெழுத்து.

"அது சாமந்தி, டாக்டர்" என்றேன்.

"ரிப்போர்ட்ல பூக்கள்னுதானே இருக்கு. சாமந்தின்னு எங்க இருக்கு, காட்டுங்க."

காட்ட முடியாது. பூவைத்தான் நானே நடைமுறைப்படி எரிக்க அனுப்பிவிட்டேனே. இன்னொரு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்போம், பூவென்றால் இந்நேரம் தெளிந்திருக்க வேண்டும் என்றேன். திட்டத்தில் இல்லாத நாளில் இ.சி.ஜி. எடுக்கக் கூடாது, மருந்து நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்றார். அந்த விதியை வருடாவருடம் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

மறுநாள் மத்தியானம் தம்பியைத் தேடிப் போனேன். மோட்டார் சைக்கிள் கொட்டகையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் விசாரணைக்கு வரச் சொல்லும் கடிதம், எண்ணெய்க் கறையோடு.

"வாங்க கிராணியம்மா" என்றார்.

அதுவரை அவர் என்னை அக்கா என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. கிராணி என்றால் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் குமாஸ்தா. தாமதமாக வந்தவனுக்குக் கூலியில் பாதியை வெட்டும் அதிகாரம் அவருக்குத்தான்.

"கிராணி அரை நாள்தான்கா வெட்டுவாரு. நீங்க முழு ஆளையே வெட்டிட்டீங்க. ரெண்டு வருசத்துல எனக்கு பென்சன் பணம் எடுக்கலாம். இந்த வயசுல முயலுக்கு வெசம் வச்சவன்னு பேரு எடுத்துட்டு எங்க போயி வேலை கேக்குறது?"

"அது அரளியா தம்பி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கப்பா மாடு வச்சிருந்தவரு. அரளிய மாடு கடிச்சா என்னா ஆவும்னு பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். நீங்கதானே கையால அவுத்தீங்க? மோந்து கூடவா பாக்கல?"

நான் முகக்கவசம் போட்டிருந்தேன். அதுவும் நடைமுறை.

"அத விடுங்க" என்றார். "அவங்களுக்கு நெஞ்சு தப்புறது பொங்கலுக்கு முன்னாலயே இருக்கு."

"இருந்தா ஏன் எழுதல?"

"கோடு போடச் சொன்னது யாரு?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். "பூ போட்டது தையில. இது தப்ப ஆரம்பிச்சது மார்கழியில. வாங்க, காட்டுறேன்."

உடை மாற்றும் அறையில் ஒரு மளிகைக் கடைக்காரர் கொடுத்த தமிழ் நாள்காட்டி மாட்டியிருந்தது. தினம் ஒரு தாள் கிழிக்கும் வகை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதி, தன் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் நல்ல நேரம், ராசிபலன், தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி. பின்பக்கம் பேனாவில் கூண்டு எண்ணும் குறிப்பும்.

"எட்டு: நெஞ்சு நின்னு நின்னு ஓடுது. மத்தியானம் சரியாச்சு." மார்கழித் தாள். சோதனையின் ஐந்தாம் நாள். "எட்டு, நாலு: மருந்து குடுத்த பொறவு தப்புது." அடுத்த நாள். "எட்டு, நாலு, ஆறு. சன்னல் பக்கத்து ஆளுங்க நல்லா இருக்காங்க." இப்படியே போய்த் தைப் பொங்கல் தாளில், "எட்டுக்கு ரொம்ப தப்புது. இ.சி.ஜி. எப்பன்னு அக்காவ கேக்கணும்." என்னிடம் அவர் கேட்கவில்லை. கேட்டாலும் திட்டத்தில் இருக்கிற நாளில் எடுப்பார்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"இத ஏன் எழுதி வச்சீங்க?" என்றேன்.

"அங்க கோடு போடுறது பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான், கோடு அங்க, நெசம் இங்க."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. பாதி அந்த டாக்டர் மேல், மீதி முழுக்க என் மேல். ஆனால் கோபத்தை என்ன செய்வது என்று எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அதை ஒரு படிவத்தில் ஏற்றுவேன்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் வகுப்பெடுக்கும்போது முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு விஷயத்தைக் கண்டதும் முதன்முதலில் எங்கே எழுதுகிறோமோ அதுவே மூலப்பதிவு. கைத்துடைக்கும் தாளில் எழுதினாலும் சரி, அதைத் தூக்கி எறியக் கூடாது. எண் போட்டு, கோப்பில் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நாள்காட்டித் தாளுக்கும் கைத்துடைக்கும் தாளுக்கும் கையேடு வித்தியாசம் பார்க்கவில்லை. எந்த மொழியில் எழுத வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. ஆங்கிலம் அல்லது மலாய் என்பது கையேட்டிலேயே இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அது நானாகச் சேர்த்துக்கொண்ட விதி.

சாயங்காலத்துக்குள் தாள்களுக்கு எண் போட்டேன், மொழிபெயர்ப்பு இணைத்தேன், ஆவணப் பதிவேட்டில் ஏற்றினேன். மூலப்பதிவு புதிதாகக் கிடைத்தால் மருந்து நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. தெரிவித்தேன். அதன் பிறகுதான் டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

அவர் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது காலண்டர்லா ஆன்ட்டி. முன்னால துலாம் ராசிக்கு தன லாபம்னு போட்டிருக்கு. இத நான் விஞ்ஞானம்னு காட்டணுமா?"

"பின்பக்கத்த காட்டுங்க."

"உங்க கான்ட்ராக்ட் மாசக் கடைசியோட முடியுது, தெரியும்ல? அந்த அடுக்கை நீக்கின அறிக்கையில வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க கையெழுத்து வேணும்."

"போட மாட்டேன் டாக்டர்."

"வேற ஆளு போடுவாங்க, மேடம்." மேடம் வந்துவிட்டது.

"போடட்டும். தாளுங்களுக்கு நம்பர் போட்டாச்சு. இனிமே எடுக்கணும்னா மூலப்பதிவ அழிக்கிறதுக்குன்னு தனிப் படிவம் இருக்கு. அதுல கையெழுத்து போட வேண்டியது நீங்க. படிவம் கொண்டு வரவா?"

அவர் படிவம் கேட்கவில்லை.

விசாரணை எட்டு நாள் கழித்து நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர், அலுவலக நிர்வாகத்தைப் பார்க்கும் பெண், மருந்து நிறுவனத்திலிருந்து கோலாலம்பூர் வழியாக வந்திருந்த ஒரு சீன அம்மா. அந்த அம்மா கால்நடை மருத்துவர், என் வயது இருக்கும், அதிகம் பேசாதவர். இந்தப் பக்கம் தம்பி, இஸ்திரி போட்ட சட்டையில். நிர்வாகத்தின் சாட்சி என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் மலாயில் பேசினார். விரலை வைத்து இதயத்தைச் சொல்ல இவர் யார், என்ன சான்றிதழ், முயலின் இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கும் என்றாவது இவருக்குத் தெரியுமா, பொங்கலுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதியதில்லை என்பதற்கு என்ன ஆதாரம். கேள்விகள் தப்பில்லை. டாக்டர் இடத்தில் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

"அப்ப கேட்டுப் பாத்துடலாம்" என்றேன். முயல்களுக்கு மருந்து அன்றும் கொடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. திட்டத்தில் இல்லாத இ.சி.ஜி.க்கு மருந்து நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. நிறுவனம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. படிவத்தை நிரப்பி என் கோப்பில் வைத்திருந்தேன். சீன அம்மாவின் முன்னால் நகர்த்தினேன். அவர் அதை முழுதாகப் படித்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மூன்று முயல்களைக் கொண்டு வந்தோம். கூண்டு எண்களை மறைத்துவிட்டுத் தேர்ந்தெடுத்தது அந்த அம்மாதான். இ.சி.ஜி. கருவியின் திரையைத் தம்பிக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தோம். அவர் முயலை மடியில் வைத்து, முன்னங்காலுக்கு அடியில் வலது கையின் இரண்டு விரலை வைத்தார். துடிப்பு தப்பும்போது இடது கை விரலால் மேசையில் தட்ட வேண்டும். அவர் தட்டும்போதெல்லாம் கருவியில் இருக்கும் அடையாளப் பொத்தானை நான் அழுத்துவேன். தாளில் சின்னதாக ஒரு குறி விழும்.

முதல் முயல். காகிதம் ஓடிக்கொண்டே இருந்தது. விரல் அசையவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இவன் பெரட்டுக்கு ஒழுங்கா வர்ற ஆளு" என்றார் தம்பி என்னிடம். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டாவது முயல். விரல் ஒன்றைத் தட்டியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு தட்டு, அடுத்தடுத்து. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். முயலின் இதயம் தகரக் கூரையில் மழை விழுவது மாதிரி ஓடும். அந்த மழையில் ஒரு துளி விழாத இடத்தை ஒரு மனிதன் விரலால் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது முயலில் அவர் தட்டிய வேகத்துக்குப் பொத்தானை அழுத்தி ஈடுகொடுப்பதே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இது எட்டாம் நம்பருதான்" என்றார். யாரும் சொல்லாமலே.

காகிதத்தை மேசை முழுக்க விரித்தோம். முதல் முயலில் குறியும் இல்லை, தப்பிய துடிப்பும் இல்லை; அது சன்னலோர முயல். மற்ற இரண்டிலும் தப்பிய இடங்களுக்குக் கொஞ்சம் பின்னால், ஏறக்குறைய அதே தூரம் தள்ளித் தள்ளி, என் குறிகள் நின்றன. ஓர் இடத்தில் அவர் விட்டிருந்தார். ஓர் இடத்தில் ஒன்றும் இல்லாமலே தட்டியிருந்தார். டாக்டர் அந்த இரண்டையும் பேனாவால் வட்டமிட்டார். சீன அம்மா மற்ற எல்லாவற்றையும் வட்டமிட்டார்.

பிறகு அந்த அம்மா தம்பியைப் பார்த்து மலாயில் கேட்டார், பூ என்றைக்குப் போட்டீர்கள் என்று. அவர் சொன்னார். இன்றைக்கு என்ன தேதி என்று அந்த அம்மா டாக்டரைக் கேட்டார். பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, பூவைத் தின்ற முயலுக்கு இன்னும் மருந்து கொடுத்த பிறகுதான் துடிப்பு தப்புகிறது என்றால் நான் பூவைப் பற்றி யோசிக்கவா, மருந்தைப் பற்றி யோசிக்கவா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, நாள்காட்டித் தாள்களின் நகல்களைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

நிர்வாகப் பெண் ஒரு வரி எழுதினாள்: குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுகிறது. அனுமதியில்லாமல் பூ போட்டதற்கு எச்சரிக்கை மட்டும். எச்சரிக்கை நியாயம்தான். அதை எழுதச் சொன்னதும் நான்தான்.

வெளியே வந்ததும், "அக்கா, பசிக்குது. போலாமா?" என்றார் அவர். எதிரே இருந்த கடையில் பால் கலக்காத கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தார். என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

முயல்கள் பிழைக்கவில்லை. நான்கு வாரம் முடிந்ததும் திட்டப்படி அவை கொல்லப்பட்டன. அந்த வகைச் சோதனை அப்படித்தான் முடியும், அதைத் தெரிந்துதான் நாங்கள் எல்லோரும் சம்பளம் வாங்கினோம். எட்டாம் நம்பரைத் தம்பியே கொண்டுபோய்க் கொடுத்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. கதவோர அடுக்கின் முடிவுகள் ஒன்றுகூட நீக்கப்படாமல் அறிக்கையில் ஏறின. அந்த மருந்து பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு அனுமதி இல்லை. துடிப்பு தப்பியது என்பதைப் படிக்காமல் இனி யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது, எனக்கு அது போதும்.

மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. டாக்டர் கை குலுக்கி, நன்றாக ஓய்வெடுங்கள் என்றார். போகும் முன் இன்னொரு விலகல் அறிக்கை இருக்கிறது என்று அவர் மேசையில் வைத்தேன். விலகல்: கண்டதை எழுதுவதற்குப் பதில் கோடு போடும்படி பணியாளருக்கு உத்தரவிடப்பட்டது. விலகியவர்: நான். திருத்த நடவடிக்கை: குறிப்புகள் எந்த மொழியிலும் ஏற்கப்படும், மொழிபெயர்ப்பது தர அதிகாரியின் பொறுப்பு.

"உங்க மேலயே எழுதிக்கிட்டீங்களா? அதான் ஜெயிச்சிட்டீங்களே, இது எதுக்கு?" என்றார் அவர்.

பெறுநர் கையெழுத்து இல்லாமல் அந்த அறையை விட்டுப் போக மாட்டேன் என்றேன். பேனாவை எடுத்துப் போட்டார். புதுப் படிவத்தில் அந்த வரி அச்சாகியிருக்கிறது என்று பிறகு தம்பி தொலைபேசியில் சொன்னார். பங்களாதேஷ்காரர் ஒருவர் இப்போது வங்காளத்தில் எழுதுகிறாராம், மொழிபெயர்க்க ஆள் தேடிப் புது தர அதிகாரி அலைகிறாராம். அலையட்டும்.

வேலை போனதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை, இன்னொரு முறை வாய்த்தாலும் அதே நாற்காலியை அதே பக்கம்தான் இழுத்துப் போடுவேன். என் வருத்தமெல்லாம் பதினான்காம் நாள் இ.சி.ஜி.க்கு முந்திய ஒன்பது நாட்களுக்காகத்தான், ஒருவர் தினமும் காலையில் விரல் வைத்துக் கண்டுபிடித்ததை நான் தினமும் சாயங்காலம் ஒன்றுமில்லை என்று சரிபார்த்துச் சுருக்கொப்பம் போட்ட அந்த நாட்களுக்காக.